லேபிளும் எம்எஸ்டிஎஸ் கோப்பும் இருந்தும் ஆய்வகத்தில் ஆபத்து ஏன் தெரியாமல் போகிறது?

கரிம வேதியியல் ஆய்வகத்தில் முதலாமாண்டு முனைவர் பட்ட மாணவரான நீங்கள் கேட்டிருப்பது இது: பாட்டில்கள் எல்லாவற்றிலும் நிறுவனத்தின் லேபிள் இருக்கிறது, அலமாரியில் எம்எஸ்டிஎஸ் என்னும் பாதுகாப்புத் தரவுத் தாள்களின் கோப்பு இருக்கிறது, ஆண்டுத் தொடக்கத்தில் பாதுகாப்பு வகுப்பும் நடக்கிறது, இவ்வளவு இருந்தும் சென்ற மாதம் ஃபியூம் ஹூடுக்குள், அதாவது நச்சு ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் கூண்டுக்குள், வைத்திருந்த கழிவு பாட்டில் ஒன்று இரவில் வெடித்துச் சிதறியது, ஆபத்தைத் தெரிவிக்க இதற்கு மேல் என்ன செய்வது? தகவல் கட்டடத்துக்குள் இருந்தது. கடைசியாக அந்தப் பாட்டிலில் எதையோ ஊற்றியவரிடம் ஊற்றிய நேரத்தில் அது இல்லை. ஏன் இல்லை என்பதே நீங்கள் உண்மையில் கேட்பது என்று எடுத்துக்கொள்கிறேன். சுருக்கமாகச் சொன்னால், லேபிளும் எம்எஸ்டிஎஸ்ஸும் விற்பனைக்கு வந்த பொருளைப் பற்றிப் பேசுகின்றன. ஆராய்ச்சியில் ஆபத்து பெரும்பாலும் அந்தப் பொருளை வைத்து நாம் செய்யும் வேலையில் பிறக்கிறது. அந்தப் பாதியை எந்த நிறுவனமும் எழுதித் தராது. ஆய்வகத்தில் வேலை செய்பவர்கள்தான் எழுத வேண்டும்.

நான் தொகுப்பு வேதியியலில் ஆராய்ச்சி முடித்து, பின்னர் பல ஆண்டுகள் பல்கலைக்கழக ஆய்வகங்களின் பாதுகாப்புப் பணியில் இருந்தவன். மருத்துவனோ வழக்கறிஞனோ அல்லன். எனவே சிகிச்சையையும் சட்டப் பொறுப்பையும் தொட்டு வரும் இடங்களில் என் சொல்லை இறுதியாகக் கொள்ள வேண்டாம். உறுதியானவற்றிலிருந்து தொடங்குகிறேன். இன்று வாங்கும் பாட்டிலில் நீங்கள் காணும் சிவப்பு ஓரச் சாய்சதுரப் படங்கள், ஐக்கிய நாடுகள் அவை 2003-இல் முதன்முதலில் வெளியிட்ட ஜிஎச்எஸ் என்னும் உலகப் பொது முறையைச் சேர்ந்தவை. படங்கள் மொத்தம் 9. எச்சரிக்கைச் சொற்கள் ‘டேஞ்சர்’, ‘வார்னிங்’ என இரண்டே, அவற்றுள் முன்னது கடுமையானது. ‘எச்’ எழுத்தோடு தொடங்குபவை ஆபத்து வாசகங்கள், ‘பி’ எழுத்தோடு தொடங்குபவை முன்னெச்சரிக்கை வாசகங்கள். எச்250 என்றால் காற்றுப் பட்டதும் தானே தீப்பற்றும். எச்310 என்றால் தோலில் பட்டாலே உயிரைப் பறிக்கும். எம்எஸ்டிஎஸ் என்று நாம் பழக்கத்தில் சொல்லும் தாள் இந்த முறையில் எஸ்டிஎஸ் என்று பெயர் மாறி, யார் எழுதினாலும் 16 பிரிவுகளாக ஒரே வரிசையில் வருகிறது. இதில் ஒரு கண்ணி உண்டு. ஜிஎச்எஸ்ஸில் வகை 1 என்பதே மிகக் கடுமையானது, எண் கூடக்கூட ஆபத்து குறையும். ஆய்வகக் கதவுகளில் ஒட்டப்படும், அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கமான என்எஃப்பிஏவின் நான்கு நிறச் சாய்சதுரத்திலோ 0 என்பது கடைநிலை, 4 என்பது உச்சம். இரண்டையும் அருகருகே வைத்து விளக்காவிட்டால் மாணவர் நேரெதிராகப் புரிந்துகொள்வார். அப்படிப் புரிந்துகொண்டு முனைவர் பட்டமே வாங்கியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

16 பிரிவுகளையும் படியுங்கள் என்று சொல்வது படிக்கவே வேண்டாம் என்று சொல்வதற்குச் சமம். சோதனைக்கு முன் பிரிவு 2-இல் ஆபத்து வகை, 7-இல் கையாளும் முறையும் சேமிப்பும், 9-இல் கொதிநிலையும், ஆவி தீப்பற்றக்கூடிய வெப்பநிலையான ஃபிளாஷ் பாயிண்டும், 10-இல் எதனோடு சேரக்கூடாது என்பது, 4-இல் முதலுதவி ஆகியவற்றைப் பார்த்தால் போதும். பிரிவு 8-ஐ மட்டும் சந்தேகக் கண்ணோடு படிக்க வேண்டும். ‘தகுந்த கையுறை அணிக’ என்று அங்கே எழுதியிருந்தால், எதுவும் எழுதவில்லை என்றே கொள்ளுங்கள். 1996 ஆகஸ்டில் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் வேதியியல் பேராசிரியர் கேரன் வெட்டர்ஹான் டைமெத்தில் மெர்க்குரி என்னும் பாதரசச் சேர்மத்தைக் கையாண்டபோது சில துளிகள் அவருடைய லேடெக்ஸ் கையுறையின் மேல் விழுந்தன. நச்சு உலோகங்களை ஆய்வதையே தொழிலாகக் கொண்டவர் அவர். கையுறையோடும் ஃபியூம் ஹூடுக்குள்ளும்தான் வேலை செய்துகொண்டிருந்தார். சில மாதங்கள் எதுவும் தெரியவில்லை. 1997 தொடக்கத்தில் நடையும் பேச்சும் தடுமாறத் தொடங்கின. அவ்வாண்டு ஜூன் 8-இல் இறந்தார். அந்தச் சேர்மம் அத்தகைய கையுறையை 15 நொடிக்குள் ஊடுருவிவிடும் என்பது அதன் பிறகு நடந்த சோதனையில்தான் தெரிந்தது. உங்கள் ஆய்வகத்துக்கு நெருக்கமான உதாரணம் வேண்டுமானால், எல்லோரும் அணியும் மெல்லிய நைட்ரைல் கையுறை டைகுளோரோமீத்தேன் (டிசிஎம்) என்னும் கரைப்பானை ஓரிரு நிமிடத்துக்கு மேல் தாங்காது. எந்தப் பொருளாலான கையுறை, எவ்வளவு நேரம் தாங்கும், துளி பட்டால் உடனே கழற்ற வேண்டுமா என்ற மூன்றையும் கையுறைத் தயாரிப்பாளரின் அட்டவணையைப் பார்த்து நீங்களே தாளின் ஓரத்தில் எழுதி வைக்க வேண்டும். எதிர்த்திசையிலும் குறை உண்டு: கடல் மணலுக்கும் சாதாரண உப்புக்கும்கூடக் கண்ணாடி அணிக, கையுறை அணிக என்று எழுதும் தாள்கள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே குரலில் எச்சரிப்பவர் எதற்கும் எச்சரிக்காதவராகிவிடுகிறார்.

அடுத்து, லேபிளில் இடமே இல்லாத ஆபத்துகள். டைஎத்தில் ஈதர், டிஎச்எஃப் (டெட்ராஹைட்ரோஃபியூரான்) ஆகிய கரைப்பான்கள் காற்றோடு சேர்ந்து நாளடைவில் வெடிக்கும் பெராக்சைடுகளை உண்டாக்கும். ஜிஎச்எஸ்ஸின் 9 படங்களில் இதற்கென்று ஒன்று இல்லை. ஐரோப்பிய லேபிள்களில் மட்டும் ஈயுஎச்019 என்ற கூடுதல் வாசகமாக வரும். இங்கே உயிர் காப்பது பாட்டிலைத் திறந்தவர் அதன்மேல் எழுதும் தேதி. அதை நிறுவனம் அச்சிட முடியாது. சோடியம் அசைடு பாட்டிலில் மண்டையோடு இருக்கும். ஆனால் அசைடு மிச்சமிருக்கும் கலவையை டிசிஎம் ஊற்றிப் பிரித்தெடுத்தால் டைஅசிடோமீத்தேன் என்னும் வெடிபொருள் உண்டாகலாம் என்பதை அசைடின் லேபிளும் சொல்லாது, டிசிஎம்மின் லேபிளும் சொல்லாது. இரண்டு பாட்டில்களும் தத்தம் அளவில் உண்மையைச் சொல்லிவிட்டன. ஆபத்து இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. இன்னும் ஒரு படி மேலே, ஆய்வகத்திலேயே புதிதாகச் செய்த பொருளுக்குத் தாளே கிடையாது. அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷா 1990-இல் கொண்டுவந்த ஆய்வக விதி இதை நேரடியாகப் பேசுகிறது: ஆய்வகத்தின் சொந்தப் பயன்பாட்டுக்காகச் செய்த, இயைபு தெரிந்த பொருள் ஆபத்தானதா என்பதை அந்த ஆய்வகமே தீர்மானித்து, ஆபத்தானதென்றால் பயிற்சி தர வேண்டும், இயைபு தெரியாத துணைவிளைபொருளை ஆபத்தானதாகவே கருத வேண்டும், பொருளை வெளியே வேறொருவருக்கு அனுப்பினால் லேபிளும் தாளும் தயாரித்தே ஆக வேண்டும். அது உங்களைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது. அமெரிக்காவிலேயே ஊதியம் பெறாத மாணவர் அதன் வரம்புக்குள் வருவதில்லை. ஆனால் ஒரு நல்ல நடைமுறையாக இதை எடுத்துக்கொள்ள யாரும் தடுக்கவில்லை.

இனி நான் வகுப்புகளில் அதிக நேரம் செலவிடும் சம்பவத்துக்கு வருகிறேன். 2010 ஜனவரி 7-இல் டெக்சஸ் டெக் பல்கலைக்கழகத்தில் நிக்கல் ஹைட்ரசின் பெர்குளோரேட் வெடித்ததில் ஆராய்ச்சி மாணவர் ஒருவர் இடக்கையின் மூன்று விரல்களை இழந்தார், முகமும் கைகளும் கருகின, கண்ணிலும் காயம். அமெரிக்க வேதிப் பாதுகாப்பு வாரியமான சிஎஸ்பி பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றில் நடத்திய முதல் விசாரணை இதுதான். அறிக்கை 2011-இல் வெளிவந்தது. கவனிக்க வேண்டியது, வெடிபொருள் பற்றிய ஆய்வுத் திட்டம் அது. கையில் இருப்பது வெடிக்கும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். ஒரு தடவையில் 100 மில்லிகிராமுக்கு மேல் செய்யக்கூடாது என்ற வரம்பும் நெறியாளர்களின் மனத்தில் இருந்தது. அது வாய்மொழியாகவே இருந்தது. எங்கும் எழுதப்படவில்லை, மாணவர்களுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று யாரும் சரிபார்க்கவில்லை. ஒவ்வொரு சோதனைக்கும் தனித்தனியாகச் செய்தால் பொருளின் தன்மை மாறிவிடுமே என்ற நியாயமான ஆராய்ச்சிக் காரணத்துக்காக மாணவர்கள் ஒரே தடவையில் சுமார் 10 கிராம் செய்தார்கள். அதாவது வரம்பைப் போல நூறு மடங்கு. பொருள் கட்டியாக இருந்தது. சிறிய அளவு பொருளை நீராலோ ஹெக்சேனாலோ நனைத்தால் அது அடித்தாலும் வெடிக்கவில்லை என்று முன்பு கண்டிருந்தார்கள். பெரிய அளவும் அப்படியே நடந்துகொள்ளும் என்று நம்பி, காயமடைந்த அந்த மாணவர் ஹெக்சேன் ஊற்றிக் கல்வத்தில் மெதுவாக நசுக்கினார். வெடித்த நேரத்தில் பாதுகாப்புக் கண்ணாடி அவர் முகத்தில் இல்லை. அதே ஆராய்ச்சிக் குழுக்களில் முன்பு காயமின்றித் தப்பிய சம்பவங்கள் நடந்திருந்தன. அவற்றின் பாடமும் எழுத்தில் ஏறியிருக்கவில்லை.

இந்த மாணவருக்கு எச்சரிக்கைப் படம் பயன்பட்டிருக்குமா? வெடிகுண்டுப் படம் ஒட்டியிருந்தாலும் அவருக்குத் தெரிந்ததையே அது மறுபடி சொல்லியிருக்கும். அவருக்குத் தேவைப்பட்டது ஓர் எண்ணும் ஒரு நிபந்தனையும்: 100 மில்லிகிராம், அதை மீற வேண்டுமானால் யாரிடம் கேட்க வேண்டும். எனவே ஆபத்தான ஒவ்வொரு செயல்முறைக்கும் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் மூன்று வரிகளையாவது எழுத வைக்கிறேன்: அதிகபட்ச அளவு எவ்வளவு, எந்த அறிகுறி தெரிந்தால் நிறுத்த வேண்டும், எந்த மாற்றத்துக்கு நெறியாளரின் கையெழுத்து வேண்டும். அளவை மூன்று மடங்காக்குவது, கரைப்பானை மாற்றுவது, இரவில் ஆளில்லாமல் ஓட விடுவது ஆகிய மூன்றும் கையெழுத்து வேண்டிய மாற்றங்கள்.

அளவு பற்றிய இதே பாடம் 2008 டிசம்பர் 29-இல் லாஸ் ஏஞ்சலஸின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் நடந்த தீயிலும் இருக்கிறது. 23 வயது ஆராய்ச்சி உதவியாளர் ஒருவர் டெர்ட்-பியூட்டைல் லித்தியக் கரைசலைப் பிளாஸ்டிக் சிரிஞ்சில் உறிஞ்சியபோது உலக்கை கழன்று வந்து, காற்றுப் பட்ட திரவம் தீப்பிடித்தது. செயற்கை இழைச் சட்டை அணிந்திருந்தார், ஆய்வகக் கோட்டு இல்லை. 18 நாள் கழித்து இறந்தார். முன்பு ஒரு முறை செய்ததைவிடப் பெரிய அளவில் அன்று செய்துகொண்டிருந்தார். இத்தகைய வினைப்பொருளை எப்படி உறிஞ்ச வேண்டும், சிரிஞ்சை எவ்வளவு நிரப்பலாம் என்று விற்பனையாளரே வெளியிட்ட தொழில்நுட்பக் குறிப்பு அப்போதே இருந்தது. டெக்சஸில் எழுதப்படவில்லை, இங்கே எழுதப்பட்டிருந்தும் கைக்கு எட்டவில்லை. கை செய்ய வேண்டியதைத் தாள் கற்றுத் தராது. தெரிந்தவர் பக்கத்தில் நின்று, முதலில் வெறும் கரைப்பானை வைத்துச் செய்து காட்டி, பிறகு மாணவரைச் செய்ய விட்டுப் பார்ப்பதும் ஆபத்தைத் தெரிவிப்பதில் அடங்கும். ‘எல்லாம் தெரியும்தானே?’ என்று கேட்டால் எந்த மாணவரும் தலையாட்டுவார். ‘ஊசி அடைத்துக்கொண்டால் என்ன செய்வாய்?’ என்று கேட்டால்தான் தெரிந்ததும் தெரியாததும் வெளியே வரும்.

அன்றாடத்தில் தகவல் அதிகம் தொலைந்துபோகும் இடம் நாமே நிரப்பும் பாத்திரங்கள். எந்த ஆய்வகத்தின் குளிர்பதனப் பெட்டியையும் திறந்து பாருங்கள்: பாராஃபிலிம் என்னும் மெழுகுப் படலம் சுற்றிய உருண்டை அடி ஃபிளாஸ்குகள், கழுத்தில் மார்க்கரால் எழுதிய ‘கேஎம்-3-42’ போன்ற குறியீடுகள். அந்த கேஎம் படிப்பு முடித்துப் போய் இரண்டு ஆண்டு ஆகியிருக்கும். 3 என்ற குறிப்பேடு யாரிடம் என்று தெரியாது. குறியீடு எழுதியவருக்கு மட்டும் பேசுகிறது; அசிட்டோன் ஒரு சொட்டு வழிந்தால் மார்க்கர் மை அதையும் பேசாது. காகித டேப்பில் பென்சிலால் எழுதுங்கள், பென்சில் கரைப்பானில் அழியாது. பொருளின் பெயர் அல்லது வகை, கரைப்பான், முதன்மை ஆபத்து ஒரே சொல்லில், தேதி, உங்கள் முழுப்பெயர், இவ்வளவுதான் வேண்டும். கட்டமைப்பு வரைபடம் போட்டால் வேதியியலாருக்கு நல்லது, மற்றவர்க்குப் பயனில்லை. வாஷ் பாட்டில்களுக்கும் இதுவே விதி. அசிட்டோனும் மெத்தனாலும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும்.

கழிவு பாட்டிலில் இந்தத் தொலைப்பு உச்சத்தை அடைகிறது, ஏனெனில் பலர் வெவ்வேறு நாளில் ஊற்றுகிறார்கள், யாரும் மொத்தத்தை அறிவதில்லை. உங்கள் பாட்டிலில் என்ன நடந்தது என்பதை இங்கிருந்து உறுதியாகச் சொல்ல வழியில்லை. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் விவரம், அதாவது இறுக மூடியது, பலர் ஊற்றியது, மணிக்கணக்கில் அமைதியாக இருந்து பிறகு வெடித்தது என்பது, நைட்ரிக் அமிலமும் எத்தனால், ஐசோபுரொப்பனால் போன்ற கரிமக் கரைப்பானும் சந்தித்த பாட்டில்களில் மீண்டும் மீண்டும் காணப்படும் ஒழுங்கு. வினை தொடக்கத்தில் மெதுவாக நடக்கும், வெப்பம் சேரச்சேர வேகமெடுக்கும், வாயு வெளியேற வழியில்லாமல் கண்ணாடி உடையும். நைட்ரிக் அமிலம் வந்த காலி பாட்டிலையே கழிவுக்குப் பயன்படுத்தியிருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். ‘கழிவு’ என்ற ஒற்றைச் சொல் லேபிள் ஆகாது. பாட்டில் கழுத்தில் கயிற்றில் ஓர் அட்டை தொங்க வேண்டும். ஊற்றுபவர் ஒவ்வொருவரும் பொருள், தோராய அளவு, தேதி, பெயர் எழுத வேண்டும். ஊற்றும் முன் மேலே உள்ள வரிகளைப் படிக்க வேண்டும். நைட்ரிக் அமிலம் போன்ற ஆக்சிஜனேற்றிகளுக்குத் தனிப் பாட்டில், அதன்மேல் ‘கரைப்பான் ஊற்றாதீர்’ என்ற தடை வாசகம், வாயு வெளியேறும் மூடி. எதை ஊற்றலாம் என்பதைவிட எதை ஊற்றக்கூடாது என்று எழுதுவதே அங்கே பயன் தருவதை அனுபவத்தில் கண்டிருக்கிறேன். அந்தத் தடை வாசகம் தமிழிலும் இருக்கட்டும். கூட்டித் துடைப்பவரும் கழிவு எடுத்துச் செல்பவரும் ஆங்கில லேபிளைப் படிப்பார்கள் என்று எண்ணிக்கொண்டு நாம் எழுதுகிறோம். ஆனால் உடைந்த கண்ணாடியை முதலில் தொடுபவர் பெரும்பாலும் அவர்தான். ஆண்டு வகுப்புக்கு அவரை அழைத்த துறைகள் மிகக் குறைவு.

தகவல் மேலிருந்து கீழே மட்டும் போவதும் இல்லை. 2016 மார்ச்சில் ஹவாய் பல்கலைக்கழகத்தில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்த கலன் வெடித்து முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர் ஒருவர் கையை இழந்தார். அதற்கு முன் சிறிய கலன் ஒன்றில் உள்ளே வெடித்தது போன்ற ஒலி கேட்டதும், கருவியைத் தொட்டபோது மின்னதிர்ச்சி உணர்ந்ததும் விசாரணையில் வெளிவந்தன. எரிபொறி எங்கிருந்து வந்தது என்பதில் தீயணைப்புத் துறையின் தொடக்க முடிவும் பின்னர் வந்த ஆய்வின் முடிவும் ஒன்றல்ல. முன்னது அழுத்தமானியைச் சுட்டியது, பின்னது நிலைமின்சாரத்தை. ஆனால் முன்னறிகுறி இருந்தது என்பதில் ஐயமில்லை. காயமின்றித் தப்பிய சம்பவத்தைச் சொன்னால் திட்டு விழும் என்ற நிலை இருக்கும் ஆய்வகத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள். அதைச் சரிசெய்வது மாணவர் கையில் இல்லை, நெறியாளர் கையில் இருக்கிறது. உங்களால் முடிந்தது, பெயர் சேர்க்காமல் அரைப்பக்கக் குறிப்பு ஒன்றை எழுதி, குழுக் கூட்டத்தில் முதல் ஐந்து நிமிடம் கேட்பது. ஆராய்ச்சி முடிவுகளுக்கு முன்னால் அந்த ஐந்து நிமிடத்தை வைக்கச் சொல்லுங்கள். பின்னால் வைத்தால் நேரம் இருக்காது.

இவற்றால் விபத்து குறையும் என்பதற்கு என்ன ஆதாரம் என்று நீங்கள் கேட்கலாம். இங்கே நான் அடக்கமாகவே பேச வேண்டும். சிஎஸ்பி தன் அறிக்கைக்காக 2001 முதல் நடந்த 120 பல்கலைக்கழக ஆய்வக விபத்துகளைத் திரட்டியது. ஆனால் எத்தனை பேர் எத்தனை மணி நேரம் வேலை செய்ததில் அவை நடந்தன என்ற வகுக்கும் எண் அதில் இல்லை, தப்பிய சம்பவங்கள் பெரும்பாலும் பதிவாவதே இல்லை. எனவே ஆண்டு வகுப்பு விபத்தை இத்தனை விழுக்காடு குறைக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். படங்கள் புரிகின்றனவா என்பதிலும் என் கருத்து அனுபவம் சார்ந்ததே: தீச்சுடரும் மண்டையோடும் எல்லோருக்கும் புரிகின்றன, நெஞ்சில் நட்சத்திரம் வெடித்த மனித உருவத்தை இதயநோய் என்று சொன்ன மாணவர்கள் உண்டு, உண்மையில் அது புற்றுநோய், உறுப்புச் சேதம் முதலிய மெதுவாக வரும் தீங்குகளைக் குறிக்கிறது. உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: மேலே சொன்ன டெக்சஸ், லாஸ் ஏஞ்சலஸ், ஹவாய் விபத்துகளில், தேவையான தகவல் யாரோ ஒருவரிடம் முன்பே இருந்தது.

கதவைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன், ஏனெனில் பெரும்பாலான துறைகளில் அது அலங்காரமாகவே இருக்கிறது. என்எஃப்பிஏ சாய்சதுரம் உங்களுக்காக ஒட்டப்படுவதில்லை. தீயணைப்பு வீரருக்காக ஒட்டப்படுகிறது. நீலம் உடல்நலம், சிவப்பு தீப்பற்றல், மஞ்சள் நிலையின்மை, வெள்ளை சிறப்புக் குறிப்பு. சோடியமோ லித்தியம் அலுமினியம் ஹைட்ரைடோ வைத்திருக்கிறீர்கள் என்றால், வெள்ளைக் கட்டத்தில் தண்ணீர் கூடாது என்பதற்கான குறுக்குக் கோடிட்ட டபிள்யூ இருக்க வேண்டும். அதோடு கீழே தமிழில் ‘தண்ணீர் பீய்ச்சாதீர், உலர்மணல் உள்ளே இடப்பக்கம்’ என்று ஒரு வரியும் வேண்டும். ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் இருந்தால் கால்சியம் குளுக்கோனேட் களிம்பு எங்கே என்பதும் அதே தாளில் வேண்டும். நீர்த்த அமிலம் பட்டால் வலி மணிக்கணக்கில் தாமதித்து வரலாம் என்பதால், மருத்துவமனைக்குப் போகும்போது எஸ்டிஎஸ் நகலைக் கையில் கொடுத்தனுப்ப வேண்டும் என்றும் எழுதுங்கள். அடியில் இரண்டு தொலைபேசி எண்கள், இரவில் எடுக்கக்கூடியவருடையவை. பருவத் தொடக்கத்தில் ஒருமுறை அந்த எண்களை அழைத்துப் பாருங்கள். எடுக்கவில்லை என்றால் தாளை அன்றே மாற்றுங்கள்.